இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது ஆள்

சகலருக்கும் இதனால் அறியத்தருவது யாதெனில், ஈழத்துத் தமிழ்த் திரையின் காணாமற்போன பொக்கிஷமும், ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தெட்டிலே வவுனிக்குளத்து அணைக்கட்டில் வைத்துப் படமாக்கப்பட்டதும், எண்பத்து மூன்றில் கொழும்பிலே எரிந்தவற்றோடு எரிந்துபோயிற்று என்று உலகமே கைவிட்டதுமான ‘குளக்கட்டுக் குமாரி’ என்னும் முழுநீளச் சமூகச் சித்திரம், நாற்பத்தாறு ஆண்டுகளின் பின்னர் டிவிடி வடிவில் மீண்டு வந்திருக்கிறது. வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மல்லாவிப் பொதுநோக்கு மண்டபத்தில் அது திரையிடப்படும். அதில் தோன்றியவர்களுள் இன்றும் எம்மிடையே வாழும் ஒரேயொருவரான கலைச்சுடர், ஓய்வுநிலைப் பிரதி அதிபர் க. யோகலிங்கம் அவர்கள் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப்படுவார். அனைவரும் வருக.

இந்த அறிவித்தலை எழுதியவர் க. யோகலிங்கம். கலைச்சுடர் பட்டத்தை வழங்கியது நற்கலை இரசிகர் பேரவை. பேரவையின் தலைவர் க. யோகலிங்கம். பேரவையில் பதினொரு பேர். இரண்டு பேர் கனடாவில். ஒருவருக்குத் தான் உறுப்பினர் என்பதே தெரியாது. மற்றவர்கள் கூட்டத்துக்கு வருவது, தலைவருரை என்றாவது முடியும், முடிந்ததும் வடையும் பிளேன்ரீயும் வரும் என்ற நம்பிக்கையில். ஆனாலும் ஒரு விஷயத்தில் மல்லாவியிலே எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. சேர் படத்தில் நடித்தவர். மாட்டுவண்டிற் சவாரிப் பந்தயம் தொடங்குமுன் ஒன்பது இளைஞர்கள் ஆளுக்கொரு மாட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது ஆள் அவர். இதை அவர் வகுப்பில் சொன்னார், கலியாண வீடுகளில் சொன்னார், இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே கிடந்தபோது பக்கத்துத் தறப்பாள்காரருக்கும் சொன்னார்.

டிவிடியைக் கொண்டுவந்து கொடுத்தவர் பேரவையின் செயலாளர் பொன்னையா. ரொறன்ரோவில் ஒரு பலசரக்குக் கடையில், மிக்சர் பைக்கற்றுகளுக்குப் பக்கத்தில், நான்கு பழைய படங்கள் ஒரே தட்டில் என்று தொங்கிக்கொண்டிருந்ததை அவருடைய மருமகன் வாங்கி அனுப்பியிருந்தான். அட்டையில் சிரித்த கதாநாயகி இந்த நான்கில் எதிலுமே நடிக்காதவர்.

“முதல் நீங்கள் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ சேர்,” என்றார் பொன்னையா. “மூண்டாவது ஆள் வடிவாத் தெரியிறாரோ எண்டு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு யோகலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. பொன்னையா சும்மா சிரிக்கிற ஆள் இல்லை. அடுத்த வருடம் தலைவர் பதவிக்குத் தானே நிற்கப்போவதாக இரண்டு வீட்டில் சொன்னவர்.

செவ்வாய்க்கிழமை பின்நேரம் இரண்டு மணிக்கு, வெளிச்சம் திரையில் தெறிக்காதபடி யன்னல்களையெல்லாம் சாத்தி, கதவுக்கு ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, அந்த வேக்காட்டுக்குள் யோகலிங்கம் தட்டைப் போட்டார். படத்தின் தரம் என்பது அவருக்கு மதம். தலை வெட்டுப்பட்டு ஒளிபரப்பான படங்களுக்காகத் தொலைக்காட்சி நிலையங்களுக்குப் பதிவுத் தபாலில் கண்டனம் அனுப்பியவர். மச்சாளின் மகளுடைய கலியாண வீடியோவைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் இருக்கத்தக்கதாக, “இது ஒளிப்பதிவு இல்லை, ஒளிச் சேதம்” என்று சொல்லி எழுந்து போனவர்.

படம் வந்தது. வந்தது என்று சொல்வதற்கே ஒரு பெருந்தன்மை வேண்டும். யாரோ எப்போதோ தொலைக்காட்சியிலிருந்து நாடாவில் பிடித்ததை, இன்னொருவர் இன்னொரு நாடாவுக்கு ஏற்றி, மூன்றாமவர் தட்டில் அமத்தியிருக்க வேண்டும். சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுத்ததில் எல்லோரும் தவளைபோலப் பரந்திருந்தார்கள். உயரமான கதாநாயகனுக்கு நெற்றி இல்லை. வலது மூலையில் வெளியீட்டாளரின் சின்னம் ஓயாமல் சுழன்றது. கதாநாயகி அழுகிற இடங்களிலெல்லாம் அது சரியாக அவள் வாயைப் பொத்தியது. குளம் சாம்பல், வானம் சாம்பல், முகங்கள் அரைத்த உளுந்து. தண்ணீர்த் தாங்கிக்குள் இருந்து யாரோ பேசுவது போன்ற சத்தம்.

நாற்பத்தோராவது நிமிடத்தில் சவாரிக் காட்சி வந்தது. ஒன்பது மாடு, ஒன்பது ஆள். மாடுகள் தலையை உதற, ஆட்கள் கால்மாறி நிற்க, அசைகிற இடமெல்லாம் சதுரம் சதுரமாக உடைந்து பிறகு சேர்ந்தது. யோகலிங்கம் கதிரையை முன்னுக்கு இழுத்து, மூக்கு திரையில் முட்டுமளவுக்குக் குனிந்து, மூன்றாவது ஆளின் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமில்லை. கண்ணில்லை, மூக்கில்லை, ஈரச் சுவரைக் கையால் துடைத்த மாதிரி ஒரு வெளிறல் மட்டும்.

அவர் மூச்சை விட்டார். வாழ்நாள் முழுக்கத் தரத்துக்காகப் போராடிய மனிதர், அன்றைக்குத் தரக்கேட்டுக்காகப் பிள்ளையாரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஏனென்றால் அந்த மூன்றாவது ஆள் அவர் இல்லை. வீரையா.

படப்பிடிப்புக்காரர் வந்தபோது யோகலிங்கத்துக்கு இருபத்திரண்டு வயது. வரிசையில் மூன்றாவதாகத்தான் நிறுத்தினார்கள். மாடு அவரைக் கண்டதும் முட்ட வந்தது. இயக்குநர் அவரை இழுத்தெடுத்து, வெள்ளித்தாள் ஒட்டிய ஒரு பலகையைக் கையில் கொடுத்து, வெயிலை முகங்களில் தெறிக்கவிடு என்று கமராவுக்கு அருகே, அதன் இடப்புறமாகக் குந்த வைத்தார். அந்த மாட்டைப் பிடிக்க வந்தவன், யோகலிங்கத்தின் தகப்பனாருடைய வயலில் கூலிக்கு நின்ற வீரையா. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து தாயோடும் ஒரு தகரப் பெட்டியோடும் வந்தவன். மாடு அவன் சொன்னபடி நின்றது. படம் பிடித்த வருடக் கடைசியில் மலேரியாக் காய்ச்சல் அவனைப் பத்து நாளில் கொண்டுபோயிற்று. படம் அடுத்த வருடம் யாழ்ப்பாணத்தில் ஒன்பது நாள் ஓடியது. இங்கிருந்து போய்ப் பார்த்தவர் யோகலிங்கம் ஒருவர்தான். திரும்பி வந்தவரிடம், “நீயும் நிக்கிறியோ?” என்று சனம் கேட்டது. அவர் ஓம் என்றார். எந்த இடத்தில் என்று கேட்டது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

வீரையாவின் தாய் வடிவம்மாவும் வந்தாள். பிரஜாவுரிமை இல்லாத சனம். ஆகவே அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாதபடியால் அவனை ஒருவரும் ஒருநாளும் படம் பிடித்ததில்லை. படலைக்கு வெளியே நின்றுதான் கேட்டாள்.

“தம்பி, எம்புள்ள அந்தப் படத்துல நிக்கிறானாம்ல. அவன் மொகத்த ஒருக்கா பாக்கணும். கூட்டிட்டுப் போறீங்களா?”

“அந்தத் துண்டை வெட்டிப்போட்டாங்கள் வடிவம்மா,” என்றார் யோகலிங்கம். “அதிலை நிக்கிறது நான்.”

அவள் கொஞ்ச நேரம் அவருடைய முகத்தையே பார்த்தாள்.

“சரி தம்பி. அப்ப நீங்களே நில்லுங்க.”

அவ்வளவுதான். போய்விட்டாள். பிறகு ஒரு மாரியில் அவளும் செத்துப்போனாள். திரும்பத் திரும்பச் சொன்னதில் பொய்க்கு நல்ல மினுக்கம் ஏறிவிட்டது. வர வர யோகலிங்கத்துக்கே அந்த மாட்டின் மூச்சுச் சூடு ஞாபகத்துக்கு வந்தது. இனிப் பயமில்லை, சனம் வந்து இந்த உளுந்தரைத்த முகத்தைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போகும்.

ஒன்று மட்டும் உறுத்தியது. பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டார். எட்டுப் பேர் அசைந்தார்கள், நடுங்கினார்கள், சதுரமாக உடைந்தார்கள். மூன்றாவது ஆள் அசையவில்லை. அவனுடைய மாடு தலையை உதறியபோதும் கயிறு பிடித்த கை அசையவில்லை. தட்டு இறுகிவிட்டதோ என்று பார்த்தார். பக்கத்து மாட்டின் வால் ஆடிக்கொண்டிருந்தது.

போர்வையை விலக்கிக்கொண்டு மனைவி கமலாசனி உள்ளே எட்டிப் பார்த்தா.

“என்னப்பா, யன்னலையும் பூட்டிப்போட்டு… இஞ்சை என்ன மாட்டு நாத்தம்?”

“என்ன மாடு? எங்கடை வளவிலை மாடு நிண்டு பதினைஞ்சு வருசம்.”

“அதுதானே கேக்கிறன்,” என்றுவிட்டு அவா மூக்கைப் பொத்திக்கொண்டு குசினிக்குத் திரும்பினா.

புதன்கிழமை, ஒரு நிச்சயத்துக்காக, மறுபடி போட்டார். எட்டுப் பேரும் முந்தியமாதிரியே கூழாக நின்றார்கள். மூன்றாவது ஆள் உடுத்திருந்த சாரத்தின் கோடுகளை எண்ணக்கூடியதாக இருந்தது. ஏழு கோடு. மேலே வெறும் மார்பு, கழுத்தடியில் வேர்வை, தோளில் ஒரு பழைய தழும்பு. முகம் மட்டும் அதே வெளிறல்.

யோகலிங்கம் தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது நேற்றைய தட்டுத்தானா? பொன்னையா காலையில் பேப்பர் கேட்டு வந்தவர். ஹோலில் தனியே இரண்டு நிமிடம் இருந்தவர். பேப்பர் வாசிக்கிற மனிதரா பொன்னையா?

“இதை நீர் தொட்டனீரோ?”

“எனக்கு வேறை வேலை இல்லையே?” என்றா கமலாசனி. “ஆனா நேற்றையிலிருந்து சலங்கைச் சத்தம் கேக்குது. படத்தை நிப்பாட்டின பிறகும். அந்தப் பெட்டியைக் கழட்டி வைச்சுப்போட்டுப் படுங்கோ.”

அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கவில்லை. இப்போது கேட்டது. மாட்டின் கழுத்துச் சலங்கை. ஓடுகிற மாட்டினது அல்ல. நிற்கிற மாடு, மொய்க்கிற இலையானுக்குத் தலையை அசைக்கும்போது, ஒரு தரம். பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு தரம்.

பின்நேரம் தட்டை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் பக்கத்தில் இருந்த விதுசனின் ஸ்ரூடியோவுக்குப் போனார். அவரிடம் படித்து, அவரிடம் அடி வாங்கி, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகிவிட்ட விதுசன்தான் சனிக்கிழமை படம் காட்டப்போகிறவன். பதாகை அடிக்கிறவனும் அவனே. தட்டைத் தன்னுடைய கணினியில் போட்டு முதல் வேலையாகப் பிரதி எடுத்துக்கொண்டான்.

“கழிசறைப் பிறின்ற் சேர்,” என்றான். “நாலு படத்தை ஒரு தட்டுக்குள்ளை அமத்தினால் இப்பிடித்தான். இடம் காணாது. சாமான் கூடின லொறி மாதிரி, எதையாவது இறக்கத்தானே வேணும். அசையிறதையெல்லாம் உடைச்சுப்போடும்.”

“அசையாமல் நிண்டால்?”

“அசையாமல் நிண்டால் கொஞ்சம் கொஞ்சமாத் தெளியும். இப்ப முகத்தைத் தெளிவாக்கிற செயலியெல்லாம் வந்திட்டுது சேர். மூண்டாவது ஆளுக்குப் போட்டு விடவோ?”

“வேண்டாம்!”

விதுசன் திரும்பிப் பார்த்தான். யோகலிங்கம் தொண்டையைச் செருமினார். “பழம்படத்தைச் சுரண்டக்கூடாது. அது கலைத் துரோகம்.”

பதாகைக்காக அவரை நீலத் துணிக்கு முன்னால் இருத்திப் படம் பிடித்தான். பார்த்தான். மறுபடி பிடித்தான்.

“ஆடாமல் இருங்கோ சேர்.”

“நான் ஆடேல்லை.”

“கொஞ்சம் ஆடுறியள்.”

“டேய், நான் ஆடேல்லை எண்டுறன்.”

ஐந்தாவது தரம் கமராவைத் திருப்பிக் காட்டினான். சால்வையின் மடிப்பு, காதில் முளைத்த மயிர், சட்டைப் பொத்தானின் நான்கு துளை, எல்லாம் கண்ணாடிபோலத் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஈரச் சுவரைக் கையால் துடைத்த மாதிரி.

“லென்சிலை ஏதோ பிழை போல,” என்றான் விதுசன். “நேற்றுச் சாமத்தியவீட்டிலை நல்லாத்தானே வேலை செய்தது. பரவாயில்லை சேர், உங்கடை பழைய தலை ஒண்டு கிடக்கு. வெட்டி ஆருடையேன் கோட்டிலை ஒட்டிவிடுறன்.”

பகிடி விடுகிறானா? பொன்னையாவும் இவனும் கூட்டா? அடி வாங்கியதை மறக்காதவனா? தெருவில் நடந்தபோது எதிரே வந்த இரண்டு பேர், நாளும் பொழுதும் கும்பிடு போடுகிறவர்கள், அவரைப் பார்த்தும் பேசாமல் போனார்கள். அவர்களும் அதிலா?

வியாழக்கிழமை காலையில் பொன்னையாவின் வீட்டுக்குப் போனார். நேற்றிரவு முழுக்க யோசித்து எடுத்த முடிவு. அவருக்குக் கைவந்த ஆயுதம் ஒன்று இருந்தது.

“இந்தத் தரத்திலை காட்டேலாது பொன்னையா. கலைக்கு அவமானம். நிகழ்ச்சியை ஒத்திவைப்பம்.”

பொன்னையா கோழிக்குத் தவிடு போட்டபடி நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“ஆர்… சேரே? குரலை வைச்சுத்தான் பிடிச்சன். வெயில் கண்ணைக் குத்துது.” தவிட்டுக் கையைச் சாரத்தில் துடைத்தார். “சனத்துக்கு என்ன தரம் சேர்? உங்களைப் பாக்கத்தானே வருகினம். நூற்றிருபது கதிரை சொல்லியாச்சு. ஓட்டோவிலை அறிவிச்சாச்சு. இல்லை, வேறை ஏதும் காரணமெண்டால் சொல்லுங்கோ. எனக்குச் சொல்லலாம்தானே.”

சொல்லியிருக்கலாம். கோழிகள் மட்டும் நின்ற முற்றம். அந்தப் படத்தில் நிற்கிறது நான் இல்லை பொன்னையா. ஆறு சொல்லு. யோகலிங்கம் வாயைத் திறந்தார். பொன்னையாவின் உதட்டு மூலையில் அந்தச் சிரிப்பு மெல்லப் புறப்படுவதைக் கண்டார். நாற்பத்தைந்து வருடத்தை அந்த மூலைக்குள் போட அவரால் முடியவில்லை.

“ஒண்டுமில்லை,” என்றார். “தரம்தான்.”

பின்நேரம் யன்னலைச் சாத்தாமலே போட்டார். வெளிச்சம் தெறித்தாலாவது மறைக்கட்டும். வெளிச்சம் தெறித்தது. எட்டுப் பேர் அதில் அழிந்துபோனார்கள். மூன்றாவது ஆள் அழியவில்லை. முன்பெல்லாம் எட்டுப் பேரோடு சேர்ந்து அவனும் வலப்பக்கம், வண்டில்கள் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது தலை திரும்பியிருந்தது. முகத்தின் வெளிறலில் இரண்டு குழி விழுந்திருந்தது. அந்தக் குழிகள் கமராவைப் பார்க்கவில்லை. கமராவுக்கு அருகே, இடப்புறம், கொஞ்சம் கீழே. அந்த இடத்தில் அன்றைக்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தது யார் என்று உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும்.

காட்சி ஐம்பத்திரண்டு விநாடி. அவர் எண்ணியிருந்தார். ஐம்பத்திரண்டு விநாடியும் அவன் கண் கொட்டவில்லை.

வெள்ளிக்கிழமை யோகலிங்கம் தட்டைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், தும்பும் சாம்பலும் போட்டு, கரிச்சட்டி தேய்க்கிறமாதிரித் தேய்த்தார். விரல் நோக நோகத் தேய்த்தார். வானவில் மினுக்கமெல்லாம் போய்த் தட்டு சாம்பலாயிற்று. பிரதி விதுசனிடம் இருக்கிறது என்பது தேய்த்து முடிந்தபிறகுதான் ஞாபகம் வந்தது. உள்ளங்கையைக் கழுவினார். சாம்பல் போயிற்று. குறுக்கே ஒரு சிவந்த தடம் போகவில்லை. முறுக்கு முறுக்காக, கயிறு பதிந்த மாதிரி. முகர்ந்து பார்த்தார். மாடு, வைக்கோல், சேறு, இன்னொருவனின் வேர்வை.

“என்னப்பா முகத்திலை?” கமலாசனி வாளியைக் கீழே வைத்தா. “திருநீற்றை அப்பியிருக்கிறியளோ?” சேலைத் தலைப்பால் அவர் கன்னத்தைத் துடைத்தா. மறுபடி துடைத்தா. தலைப்பைப் பார்த்தா. அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. “எனக்குத்தான் கண்ணாடி மாத்தோணும் போல. கிட்ட நிண்டாலும் புகையாக் கிடக்கு.”

“கமலா, அந்தப் படத்திலை…”

“ஓம் ஓம், மூண்டாவது ஆள். கலியாணம் முடிச்ச முதல்நாளே சொன்னனியள். எத்தினை தரமப்பா?”

ஒழுங்கையால் ஓட்டோ போனது. ஒலிபெருக்கியில் அவருடைய பெயர் முழுப் பட்டங்களோடும் ஊரைச் சுற்றியது. அது தேயத் தேய, கிணற்றடிக்குப் பின்னால், வாழைகளுக்குள், சலங்கை. ஒரு தரம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மாலை ஆறு மணி. ஆறு மணி நிகழ்ச்சி ஆறே முக்காலுக்குத் தொடங்கியது. அந்த அளவில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. வாசலில் பதாகை. யாருடையதோ கோட்டின்மேல் யோகலிங்கத்தின் பத்து வருடத்துக்கு முந்திய தலை. பதாகையின் கீழே நின்று வரவேற்ற அசல் தலையை ஒருவரும் கவனிக்கவில்லை. “சேர் வந்திட்டாரோ?” என்று அவரிடமே மூன்று பேர் கேட்டார்கள். முன்வரிசையில் நடுக்கதிரையில் இருந்தார். வலப்பக்கம் கமலாசனி, இடப்பக்கம் பொன்னையா. வெள்ளைத் துணி. பிளாஸ்ரிக் கதிரைகளின் கிறீச்சல், பிள்ளைகளின் அழுகை, நுளம்புத்திரிப் புகை. கதவுகளைச் சாத்தினார்கள். பொன்னாடையை முதலே போர்த்திவிட்டார்கள், பிறகு சனம் வடையோடு எழும்பிவிடும் என்று. பட்டுத்துணி கழுத்தில் வைக்கோல்போல அறுத்தது.

நாற்பது நிமிடத்தை அவர் எப்படிக் கடந்தார் என்று தெரியாது. மண்டபம் சிரித்தது, கதைத்தது, “ஐயோ, இவளின்ரை வாய் எங்கையடா?” என்று ஒருவன் கத்தியதற்கு மறுபடி சிரித்தது. பிறகு சலங்கைகள். திரையில். ஒரு சவாரிக் கூட்டமே வருவதுபோல.

கண்ணை மூடிக்கொண்டார். இப்போது பார்ப்பார்கள். இப்போது யாரோ ஒரு கிழவர் எழும்புவார், இது எங்கடை வீரையாவெல்லோ என்பார். சரி. சொல்லட்டும். நானும் ஓம் என்கிறேன். முடியட்டும்.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கைதட்டவும் இல்லை.

“சேர்,” என்றார் பொன்னையா, மெதுவாக. “எங்கை நீங்கள்?”

கண்ணைத் திறந்தார்.

ஒன்பது மாடு. எட்டு ஆள். மூன்றாவது இடத்தில் ஒருவருமில்லை. கயிறு மட்டும். இடுப்பளவு உயரத்தில். இறுகி. காற்றில்.

அப்போது வெயில் அடித்தது.

பிடரியில். தோளில். மண்டபத்துக்குள் ஏது வெயில்? காலின் கீழ் சேறு. சூடான சேறு. வலது கையில் கயிறு. முழங்கையில் ஈர மூச்சு. இரண்டு பக்கமும் ஆட்கள். திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கடைக்கண்ணிலேயே தெரிந்தது. அவர்களுக்கு முகம் இல்லை. உளுந்து. உளுந்து. உளுந்து.

எதிரே குளம் இல்லை. ஒரு பெரிய கறுத்த சதுரம். அதற்குள், ஈரக் கண்ணாடிக்கு அப்பால் தெரிவதுபோல, வரிசை வரிசையாகக் கதிரைகள். சாம்பல் நிறத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகங்கள். முன்வரிசை. பொன்னையா. கமலாசனி. நடுவில்.

நடுவில் ஒருவன் இருந்தான். வெறும் மார்பு. பத்து நாள் காய்ச்சலில் எலும்பு தள்ளிய தோள். அதில் ஒரு தழும்பு. அதன்மேல் பொன்னாடை. முகம் தெளிவாக, அந்த மண்டபத்திலேயே மிகத் தெளிவாக இருந்தது. அவன் சிரிக்கவில்லை. கண் கொட்டவில்லை.

கமலாசனி அவன் பக்கம் சாய்ந்து, நழுவிய பொன்னாடையை இழுத்துவிட்டா. சேலைத் தலைப்பால் அவன் கன்னத்தை ஒருதரம் துடைத்தா. இந்த முறை திருப்தியாக இருந்தது போல. தலைப்பை மடியில் வைத்துக்கொண்டா.

ஒருவரும் பயப்படவில்லை.

கடைசி வரிசைக்குப் பின்னால், கதவுக்கு வெளியே போகாமலும் உள்ளே வராமலும், ஒரு கிழவி நின்றாள். அவள் திரையைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்தவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமலா. கத்தினார். சத்தம் வரவில்லை. படத்தின் மேளம்தான் வந்தது. தாங்கிக்குள் இருந்து வருவதுபோல.

கையை உயர்த்தினார். கை சதுரமாக உடைந்தது. உதறினார். தோள் உடைந்தது. தலையை ஆட்டினார். நான். நான். நான்தான் இது. இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது.

வாய் உடைந்தது. கண்கள் உடைந்து, பக்கத்து மாட்டின் வயிற்றில் இரண்டு சாம்பல் கட்டமாக ஒட்டி, அங்கிருந்து கமலாசனியைப் பார்த்தன.

நாற்பத்தொன்பது. ஐம்பது.

“உந்த மூண்டாவது ஏன் இப்பிடி உதறுது?” என்று கமலாசனி நடுக்கதிரைக்காரனிடம் கேட்டது வாயசைவில் தெரிந்தது.

ஐம்பத்தொன்று.

சனிக்கிழமைப் படம் எப்படி என்று கேட்டவர்களுக்கு மல்லாவியில் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: கதை பரவாயில்லை, கிளியர்தான் காணாது.